பார்க்கலாம், எழுதலாம், உத்தரவு போட முடியாது

எங்கள் ஊர் மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றி முடித்த சமயம், நாளிதழின் உள்பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வுக்கு வருகிறார், மாலையில் அதிவேக சோதனை ஓட்டம் இருக்கும், பொதுமக்கள் தண்டவாளத்தின் அருகே போக வேண்டாம். நானும் அப்பாவும் லெவல் கிராசிங் கேட்டுக்கு இந்தப்புறம் நின்று பார்த்தோம். மோட்டார் டிராலியில் வந்தவர் சிறு பாலத்தில் இறங்கினார், வளைவில் இறங்கினார், கேட் சாவியை வாங்கிப் பூட்டித் திறந்து பார்த்தார். ரயில்வேயின் பெரிய அதிகாரிகளெல்லாம் அவர் பின்னால் கைகட்டி நடந்தார்கள். அவர் சரி என்று எழுதிக் கொடுக்காமல் அந்தப் பாதையில் பயணிகள் வண்டி ஓட முடியாது.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்தவர், பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, சிக்னல் கேபினில் லீவர் இழுக்கும் கேபின்மேனாக ஓய்வு பெற்றவர். அவர்தான் சொன்னார்: "இவர் ரயில்வே அமைச்சருக்குக் கீழே வரமாட்டார். விமானப் போக்குவரத்துத் துறை ஆள்." ரயிலைச் சோதிக்கிறவர் விமானத் துறையில் ஏன் இருக்க வேண்டும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடிக்கொண்டு போனதில் 1840-ஆம் ஆண்டு லண்டனில் போய் நின்றேன்.

பிரிட்டனில் அப்போது ரயில் என்பது முழுக்கத் தனியார் தொழில். நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேற்றிக்கொண்டு, நிலத்தை எடுத்து, பாதை போட்டு, வண்டி ஓட்ட வேண்டியதுதான். எப்படி ஓட்ட வேண்டும் என்று கேட்க ஆள் கிடையாது. 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையின் திறப்பு விழாவிலேயே நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் 'ராக்கெட்' எஞ்சினில் அடிபட்டு இறந்தார். அவர் முன்பு பிரிட்டிஷ் அரசின் வணிகத் துறையான வணிக வாரியத்தின் தலைவராகவும் இருந்தவர். அப்படி ஒருவர் இறந்த பிறகும் ரயிலுக்கென்று மேற்பார்வை வர இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. முதலாளியின் சொத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் அவ்வளவு உறுதியாக இருந்தது.

1840-இல் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. புதுப் பாதை திறக்கும் முன் வணிக வாரியத்துக்குத் தகவல் தர வேண்டும். பயணிகளுக்குக் கடும் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் தெரிவிக்க வேண்டும். பார்த்து வர வாரியம் ஆய்வாளரை அனுப்பலாம். முதல் தலைமை ஆய்வாளர் சர் ஃபிரெடெரிக் ஸ்மித், ராணுவத்தின் ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு ஆய்வாளர்கள் அந்தப் படைப்பிரிவிலிருந்தே வந்தார்கள். ரயில் கம்பெனியில் சம்பளம் வாங்காத பொறியாளர் வேண்டுமென்றால் அன்றைக்கு ராணுவத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

பார்ப்பதும் எழுதுவதும்தான் இவர்கள் வேலை. 1842-இல் இன்னொரு சட்டம், ஆபத்தாகத் தெரியும் புதுப் பாதையின் திறப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. ஆனால் ஒரு பாதை திறந்து வண்டி ஓடத் தொடங்கிவிட்டால், அதற்கப்புறம் கம்பெனி எப்படி ஓட்டினாலும் ஆய்வாளரால் 'இதை மாற்று' என்று உத்தரவு போட முடியாது. விபத்து நடந்தால் போய்ப் பார்ப்பார், காரணத்தை எழுதுவார், பரிந்துரை சொல்வார். அந்த அறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும், பத்திரிகைகள் எடுத்துப் போடும். அதோடு சரி. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இப்படியே ஓடின.

நடுவில் ஒரு முறை அரசு உண்மையாகவே தலையிட்டது. 1841 டிசம்பர் 24, விடியும் முன் லண்டனிலிருந்து கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் சரக்கு வண்டி ஒன்று மேற்கே கிளம்பியது. எஞ்சினுக்கு அடுத்தாற்போல மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு இரண்டு திறந்த பெட்டிகள். கூரை கிடையாது, பக்கப் பலகைகள் தாழ்வானவை. அவற்றுக்குப் பின்னால் பாரம் ஏற்றிய சரக்குப் பெட்டிகள். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலை பார்த்த கல்தச்சர்கள் பலர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ரெடிங் நகருக்குச் சற்று முன்னால் சோனிங் என்ற இடத்தில் ஆழமாக வெட்டிய பள்ளத்தின் வழியே பாதை போகிறது. மழையில் கரை சரிந்து தண்டவாளத்தில் மண் கிடந்தது. எஞ்சின் அதில் புதைந்து நிற்க, பின்னாலிருந்த சரக்குப் பெட்டிகளின் எடை முழுக்க அந்த இரண்டு பெட்டிகள் மேல் வந்து மோதியது. எட்டுப் பேர் அங்கேயே இறந்தார்கள், இன்னொருவர் பிறகு இறந்தார்.

ஒரு மனிதனின் சாவுக்குக் காரணமான பொருள் மன்னருக்குச் சேரும் என்ற பழைய ஆங்கிலேய வழக்கம் அப்போதும் இருந்தது. மாடு முட்டிக் கொன்றால் மாடு, வண்டி ஏறிக் கொன்றால் வண்டி, அல்லது அதற்கு ஈடான பணம். சோனிங் விசாரணையின் ஜூரர்கள் அந்த வழக்கத்தை எடுத்து 'ஹெக்லா' என்ற எஞ்சின் மேல் 1,000 பவுண்டு விதித்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த ஜூரர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது. கம்பெனியைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் வழியில்லாத காலத்தில், கையில் கிடைத்த ஒரே ஆயுதத்தைத் தூக்கியிருக்கிறார்கள். அந்தத் தொகை பின்னால் நிற்கவில்லை. 1846-இல் வழக்கத்தையே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள்.

வணிக வாரியத்தின் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன் 1844-இல் கொண்டுவந்த சட்டம்தான் சோனிங்குக்குக் கிடைத்த உண்மையான பதில். பயணிகள் பாதை உள்ள கம்பெனி ஞாயிறு தவிர்த்த நாளெல்லாம், போக ஒன்று வர ஒன்றாவது, எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி விட வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக் கூடாது. நிற்கும் நேரத்தையும் சேர்த்து சராசரி வேகம் மணிக்கு 12 மைலுக்குக் குறையக் கூடாது. உட்கார இருக்கை வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு வேண்டும். 56 பவுண்டு, அதாவது நம் கணக்கில் 25 கிலோ மூட்டை இலவசம். மூன்று வயதுக்குக் கீழே குழந்தைக்குக் காசு கிடையாது, பன்னிரண்டு வரை பாதி.

கூலிக்காரன் தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதை ஒரு நாட்டின் சட்டம் எழுத்தில் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. ஆனால் எழுதிவிட்டார்கள். 'பார்லிமென்ட் வண்டி' என்றே ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். வேலை தேடி ஊர்விட்டு ஊர் போனவர்கள் அதில்தான் போனார்கள். அதே சட்டத்தில், புதிதாக வரும் பாதைகளை 21 ஆண்டுகள் கழித்து அரசே வாங்கிக்கொள்ளலாம் என்ற விதியும் இருந்தது. கம்பெனிகள் எதிர்த்து நின்று அதன் பல்லைப் பிடுங்கிவிட்டன. ஒரு தடவைகூட அது பயன்படவில்லை. பிரிட்டிஷ் ரயில்கள் அரசுடைமை ஆனது 1948-இல்தான்.

அடுத்து வந்தது ரயில் பங்குகளுக்கான வெறி. 1846-இல் மட்டும் நாடாளுமன்றம் 250-க்கும் மேற்பட்ட ரயில் சட்டங்களை நிறைவேற்றியது. பாதைகள் பெருகின, வண்டிகள் கூடின, வேகம் கூடியது. ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வண்டிகளை மோதாமல் எப்படி ஓட்டுவது? கடிகாரத்தை வைத்து ஓட்டினார்கள். ஒரு வண்டி போய் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆனதும் அடுத்ததை விடுவது. முன்னால் போன வண்டி வழியில் நின்றுபோனால் பின்னால் வருகிற டிரைவருக்குத் தெரிய வழியே இல்லை.

இதற்கு மாற்று என்ன என்பதை நான் புத்தகம் எதுவும் படிக்காமலே அறிவேன். சிறுவனாக அப்பா வேலை பார்த்த நிலையத்துக்குச் சோறு கொண்டுபோவேன். ஒற்றைப் பாதை. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஓர் இன்ஸ்ட்ருமென்ட் இருக்கும். அடுத்த நிலையத்தோடு மணியில் பேசி, அவர் சம்மதித்தால்தான் அதிலிருந்து ஓர் இரும்பு உருண்டை விழும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, அப்பா பிளாட்பாரத்தின் முனையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓடுகிற வண்டியிலிருந்து கையை நுழைத்து அதை வாங்கிப் போவார்கள். அதற்கு 'லைன் கிளியர்' என்று பெயர். அந்த உருண்டை அடுத்த நிலையத்தில் போய்ச் சேரும்வரை இங்கே இன்னொன்று விழாது. ஒரு துண்டுப் பாதையில் ஒரே ஒரு வண்டி. இதைத்தான் பிளாக் முறை என்கிறார்கள். கடிகாரத்தை நம்பாமல் தூரத்தை நம்புவது.

தந்தி வந்த பிறகு இதைச் செய்ய முடியும் என்பது 1840-களிலேயே தெரிந்த விஷயம். ஆய்வாளர்கள் அறிக்கைக்கு அறிக்கை எழுதினார்கள். அவர்கள் கேட்டவை மூன்று. ஒன்று இந்த பிளாக். இரண்டாவது இன்டர்லாக்கிங், அதாவது பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடத்தில் வண்டியைத் திருப்பிவிடும் பகுதி) சரியாக விழாமல் கைகாட்டி இறங்காது, எதிரெதிரான இரண்டு கைகாட்டிகள் ஒரே நேரத்தில் இறங்காது என்று அவற்றை இயக்கும் லீவர்களையே ஒன்றோடொன்று பூட்டிவைப்பது. மூன்றாவது, வண்டி முழுக்க எல்லாப் பெட்டியிலும் வேலை செய்கிற, இணைப்பு அறுந்தால் தானாகவே பிடிக்கிற பிரேக்.

கம்பெனிகள் மறுத்தன. செலவு ஒரு காரணம், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் அவர்கள் மேடையில் வைத்த வாதம் வேறு: அரசு உத்தரவு போட்டால் பொறுப்பு அரசுக்குப் போய்விடும், பாதுகாப்புக்கு நாங்கள்தான் பொறுப்பு என்ற உணர்வு எங்கள் அதிகாரிகளிடம் குறைந்துபோகும். இந்த வாதத்தை வணிக வாரியமும் நீண்ட காலம் ஏற்றுக்கொண்டிருந்தது. நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளாக் இல்லாத பாதையில் முன்னால் நிற்கும் வண்டி கண்ணுக்குத் தெரியாத டிரைவரிடம் எவ்வளவு பொறுப்புணர்வு இருந்தாலும் என்ன செய்ய முடியும்?

1861 ஆகஸ்ட் 25, ஞாயிறு. பிரைட்டனிலிருந்து லண்டனுக்கு மூன்று வண்டிகள் ஐந்து நிமிட இடைவெளிகூட இல்லாமல் அடுத்தடுத்துக் கிளம்பின. கிளேட்டன் சுரங்கத்தின் இரு முனையிலும் சிக்னல்காரர்கள் தந்தியில் பேசிக்கொள்ள வசதி இருந்தது. ஒரு தானியங்கி சிக்னல் பழுதானது, தந்தியில் போன கேள்வியும் பதிலும் இரண்டு வண்டிகளைக் குழப்பிவிட்டன, சுரங்கத்துக்குள் மோதல். 23 பேர் இறந்தார்கள். தெற்கு முனையில் இருந்த சிக்னல்காரர் 24 மணி நேரப் பணியில் இருந்தார். வழக்கமான 18 மணி நேரத்துக்குப் பதிலாக 24 மணி நேரம் நின்றால்தான் அவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு கிடைக்கும். தந்தியை நம்பியதால் வந்த வினை இது என்று கம்பெனி சொன்னது. அந்த மனிதனின் தூக்கத்தைப் பற்றி அப்போது சட்டம் எதுவும் சொல்லவில்லை.

அரசு கண்டுபிடித்த நடுவழி, கணக்குக் கேட்பது. 1873-இல் ஒரு சட்டம்: உங்கள் பாதையில் எத்தனை மைலுக்கு பிளாக் இருக்கிறது, எத்தனை இடத்தில் இன்டர்லாக்கிங் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள். 1878-இல் இன்னொன்று: ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரேக் கணக்குக் கொடுங்கள். இவற்றை அச்சிட்டு வெளியிட்டார்கள். வெட்கப்பட்டாவது செய்யட்டும் என்ற நினைப்பு. பெரிய கம்பெனிகளிடம் இது ஓரளவு பலித்தது. 1880-களின் இறுதியில் இங்கிலாந்தின் இரட்டைப் பாதைகளில் பெரும்பகுதியில் பிளாக் வந்துவிட்டது. பணம் குறைந்த கம்பெனிகளும், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தின் பாதைகள் பலவும் பழையபடியே ஓடிக்கொண்டிருந்தன.

ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்காட்லாந்தின் டே பாலத்தை 1878 பிப்ரவரியில் மூன்று நாள் சோதித்துச் சம்மதம் கொடுத்தவர் மேஜர் ஜெனரல் ஹட்சின்சன். பலத்த காற்று அடிக்கும்போது பாலத்தில் வண்டி போவதை மறுமுறை வரும்போது பார்க்க விரும்புவதாகத் தன் அறிக்கையில் எழுதியிருந்தார். அந்த மறுமுறை வரவில்லை. 1879 டிசம்பர் 28 இரவு புயலில் பாலத்தின் நடுப்பகுதி சரிந்து, மேலே போய்க்கொண்டிருந்த வண்டி ஆற்றுக்குள் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. சந்தேகம் மனதில் வந்திருக்கிறது, எழுத்திலும் வந்திருக்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பத்து ஆண்டுகள் கழித்து, அதே ஹட்சின்சன் அயர்லாந்தின் ஆர்மா நகரில் இன்னொரு விபத்தை விசாரிக்கப் போனார்.

1889 ஜூன் 12. ஆர்மாவின் மெதடிஸ்ட் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரன்பாயின்ட் கடற்கரைக்கு உல்லாசப் பயணம். கிரேட் நார்தர்ன் கம்பெனியின் சிறப்பு வண்டி. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம், பெற்றோரும் பிள்ளைகளுமாக 900 பேருக்கு மேல். பெட்டிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பதினைந்து ஆகிவிட்டது. இத்தனை வேண்டாம் என்று டிரைவர் தகராறு செய்தும் பார்த்தார். டிக்கெட் பார்த்து முடித்ததும் வெளியாட்கள் ஏறாமலிருக்கக் கதவுகளைப் பூட்டினார்கள்.

ஊரைத் தாண்டினால் ஏற்றம், 75 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் உயரும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. பின்னால் அரை மணி நேரத்துக்குள் வழக்கமான பயணிகள் வண்டி கிளம்பிவிடும். இந்த வண்டி நிற்கிறது என்று ஆர்மாவுக்குச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அங்கே ஓடியது கடிகார முறை. கம்பெனியின் பொறுப்பாளர் ஒருவர் வண்டியிலேயே இருந்தார். வண்டியை இரண்டாகப் பிரிப்போம், முன் ஐந்து பெட்டிகளை அடுத்த நிலையத்தில் விட்டுவிட்டு எஞ்சின் திரும்பி வரட்டும் என்று முடிவு செய்தார்.

இந்த இடத்தில்தான் மூன்றாவது விஷயம், பிரேக். அந்த வண்டியில் எல்லாப் பெட்டிக்கும் வாக்குவம் பிரேக் இருந்தது, ஆனால் பழைய எளிய வகை. எஞ்சின் காற்றை உறிஞ்சினால்தான் அது பிடிக்கும். குழாயைக் கழற்றினால் பிரேக்கே கிடையாது. தானியங்கி வகை இதற்கு நேர் எதிர்: உறிஞ்சிக்கொண்டே இருந்தால்தான் விடும், குழாய் அறுந்தால் அந்த நொடியே எல்லாச் சக்கரமும் பிடித்துக்கொள்ளும். நம் பெட்டிகளில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பது இந்தத் தத்துவத்தில்தான். அந்த வகை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்பக்கத்துப் பத்துப் பெட்டிகளையும் கடைசி பிரேக் வேனில் இருந்த ஒற்றைக் கை பிரேக் தாங்க வேண்டியிருந்தது. சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்தார்கள். முன்பகுதி கிளம்பும்போது எஞ்சின் ஒரு அடி, ஒன்றரை அடி பின்னால் நகர்ந்து பெட்டிகளை இடித்தது. கல் நொறுங்கியது. பத்துப் பெட்டிகளும் பூட்டிய கதவுகளோடு வந்த வழியே இறங்கத் தொடங்கின. சுமார் ஒன்றரை மைல். எதிரே, கடிகாரக் கணக்கை நம்பிக் கிளம்பிய அடுத்த வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது.

எண்பது பேர் இறந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள். 2014-இல், 125-ஆம் ஆண்டு நினைவாக ஆர்மாவில் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். பெரிய ஆடம்பரச் சிலை எதுவும் கிடையாது. கையில் மணல் வாளியும் சின்ன மண்வெட்டியும் பிடித்த ஒரு பெண் குழந்தை.

ஆகஸ்ட் 30 அன்று, 79 நாளில், சட்டம் வந்தது. வணிக வாரியத்தின் தலைவர் ஹிக்ஸ் பீச் கொண்டுவந்தார். பயணிகள் பாதைகளில் பிளாக், இன்டர்லாக்கிங், பயணிகள் வண்டிகளில் தானியங்கித் தொடர் பிரேக். இனி வேண்டுகோள் கிடையாது, உத்தரவு. செய்யச் சொல்லி வாரியம் நாள் குறிக்கும், அதற்குள் செய்தாக வேண்டும்.

ஐம்பது வருட அறிக்கைகள் வீண்தானே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. 79 நாளில் ஒரு சட்டம் எழுத முடிந்ததற்குக் காரணம், என்ன எழுத வேண்டும் என்பது முன்பே வரி வரியாகத் தயாராக இருந்ததுதான். அந்த ராணுவப் பொறியாளர்கள் ஒவ்வொரு விபத்திலும் குனிந்து அளந்து, ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு, ஒளிக்காமல் அச்சில் போட்டிருக்கிறார்கள். கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தும் அடுத்த விபத்தில் அதையே திரும்ப எழுதியிருக்கிறார்கள். அதைச் செய்ய ஒரு தனி மன உறுதி வேண்டும்.

அதே சட்டத்தில் தொழிலாளர்களுக்கென்று கிடைத்தது மிகக் குறைவு. கம்பெனிகள் ஆட்களை எத்தனை மணி நேரம் வேலை வாங்குகின்றன என்று கணக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. பெட்டி கோர்க்கும்போது பெட்டி முனையில் இடிதாங்கும் பஃபர்களுக்கு நடுவில் நசுங்கியும், பாதையில் அடிபட்டும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் ஒருவராக இறந்ததால் அது செய்தியாகவில்லை. வேலை நேரத்துக்கு 1893-இல் ஒரு சட்டமும், வேலையிடப் பாதுகாப்புக்கு 1900-இல் ஒரு சட்டமும் வந்தன. ஷன்டிங்கில், அதாவது பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் வேலையில், விரல் இழந்தவர்களை எங்கள் ரயில்வே காலனியில் பார்த்தே வளர்ந்தவன் நான். எனக்கு இந்த 1893-உம் 1900-உம் 1889-ஐவிடச் சின்ன ஆண்டுகள் கிடையாது.

சரி, விமானத் துறைக்கு வருகிறேன். இந்தியாவில் ஆய்வாளர்கள் ரயில்வே வாரியத்தின் கீழேயே இருந்தார்கள். ரயிலை ஓட்டுகிறவரும் ரயிலைச் சோதிக்கிறவரும் ஒரே வீட்டு ஆட்கள். 1937-இல் பீகாரின் பிஹ்டா அருகே நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்குப் பிறகு, அந்த வண்டியை இழுத்த வகை எஞ்சின்களை ஆராய ஒரு குழு வந்தது. தலைமை, கர்னல் மவுன்ட். பிரிட்டனின் தலைமை ரயில்வே ஆய்வாளர், 1840-இல் ஸ்மித் உட்கார்ந்த நாற்காலியின் வாரிசு. ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்ற கருத்துக்கு அந்தக் குழு வலுச் சேர்த்தது. 1941 மே மாதம் அவர்களை அஞ்சல், விமானத் துறையின் கீழ் மாற்றினார்கள். அது பின்னால் தனித்தனியாகப் பிரிந்தபோது ஆய்வாளர்கள் விமானத்தோடு போனார்கள். எந்தத் துறை என்பது முக்கியமாக இல்லை, ரயில்வே இல்லாத ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ஆர்மாவைப் பற்றிச் சொன்னபோது, "கல்லு வச்சாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவருடைய கதை ஒன்றைச் சொன்னார். அவர் கேபினில் புதிதாக லீவர் ஃபிரேம் போட்டபோது ஓர் ஆய்வு அதிகாரி வந்திருக்கிறார். வடக்கிலிருந்து வரும் வண்டிக்குக் கைகாட்டியை இறக்கச் சொன்னார். அப்பா இறக்கினார். இப்போது தெற்கிலிருந்து வருவதற்கும் அதே லைனில் இறக்கு என்றார்.

"வராது சார்."

"தெரியும். இழு."

அப்பா இரண்டு கையாலும் இழுத்திருக்கிறார். பிறகு அந்த அதிகாரி கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காலை ஃபிரேமில் முட்டுக்கொடுத்துத் தானே இழுத்துப் பார்த்தார். லீவர் அசையவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். அடுத்த லீவருக்குப் போனார்.